முழங்கை அக்கா கேட்கும் கேள்வி

அழைப்பு மணியை முழங்கையால் அழுத்திவிட்டு நாலடி பின்னால் நகர்ந்து நிற்கிறாள். உள்ளே செருப்புச் சத்தம் நெருங்குகிறது. தொண்டை லேசாகக் கமறுகிறது. செருமாமல் விழுங்கிக்கொள்கிறாள். சுகாதாரத் துறைக்காரி வாசலில் நின்று செருமினால் எந்த வீட்டுக் கதவு திறக்கும்?

தெருவில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் முழங்கை அக்கா. இன்னும் ஊருக்குள் வராத ஒரு காய்ச்சலுக்கு வீடுகளைத் தயார் செய்து வைப்பது அவள் வேலை. துறைமுகத்துப் பக்கம் அது தலைகாட்டிவிட்டதாகப் பேச்சு. தும்மல் வந்தால் உள்ளங்கையில் தும்மாதே, மடக்கிய முழங்கைக்குள் தும்மு என்று அவள் ஓயாமல் சொன்னதில், அந்தத் தெரு நாய்கூட இப்போது முன்னங்காலை மடக்கித்தான் தும்முகிறது. நம்பாதவர்கள் போய், அது தும்மும்வரை காத்திருக்கலாம்.

சோப்பு போட்டுப் போட்டு வெளுத்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்த கைகள். பேருந்தில் யாராவது இருமினால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்துவிடுவாள். வீட்டுக்குப் போனால் வாசல் வாளியில் துணியைப் போட்டுக் குளித்த பிறகுதான் பெற்ற மகளிடமே பேச்சு.

கை கழுவச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்ததாக அவள் கேட்பதற்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "ஒருத்தர் படுத்துட்டா எந்த ரூம்ல படுக்க வைப்பீங்க? உள்ள போய்ப் பாத்துக்கறது யாரு? ஒரே ஒரு ஆள்தான் போகணும். வயசானவங்க, மூச்சு இழுக்கறவங்க, புள்ளத்தாச்சி, இவங்கல்லாம் கூடாது."

ஒரு வீட்டில் மாமியார் மருமகளை ஓரக்கண்ணால் பார்த்தார். "நான் படுத்தா இவ பாப்பாளாக்கும்?"

"பாப்பேன் அத்தை. கதவுக்கு வெளிய நின்னு பாப்பேன்."

இன்னொரு வீட்டில், "எங்க வீட்ல காலியா இருக்கற ஒரே ரூம் பாத்ரூம்தாம்மா" என்றார் குடும்பத் தலைவர்.

"அப்ப ஜன்னலோரமா கட்டிலைப் போட்டு, நடுவுல ஒரு பெட்ஷீட்டைக் கட்டுங்க. ஜன்னலை மட்டும் சாத்திடாதீங்க." இப்படி எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் உண்டு.

பயிற்சி வகுப்பில் டாக்டர், பழைய கொள்ளைநோய்க் காலத்து ஆஸ்பத்திரிப் படம் ஒன்றைக் காட்டினார். நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள். அவளைக் கலங்கடித்தது கட்டில்கள் அல்ல. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு முக்காலி, அதில் ஆளே இல்லை. "ஆஸ்பத்திரி நிரம்பிடும். வீட்லதான் பாத்துக்கணும்" என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே தன் வீட்டில் முடிவு சொல்லிவிட்டாள்: நடு ரூம், பார்த்துக்கொள்வது நான். வீட்டுக்காரர் தையற்காரர், பஞ்சுத் தூசியில் மூச்சு இழுப்பு. மாமியாருக்குத் தள்ளாத வயது. மகள் இப்போதுதான் கல்லூரிக்குப் போகிறாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

போன வாரம் கோழிக்கடைக்காரர் வீட்டுக்குப் போனாள். கடைக்கு மேலேயே வீடு. பறவைகளிடமிருந்து வருகிற காய்ச்சல் என்று யாரோ கிளப்பிவிட்டதில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா முழங்கை. கோழியைப் பாக்க வந்தியா, என்னையா?"

"கோழிக்கு டாக்டர் வருவாருண்ணே. உங்களுக்குத்தான் ஆள் இல்ல, நான் வந்தேன்."

கேள்விக்கு அவர் பட்டென்று பதில் சொன்னார்: பின்பக்க ரூம், பார்த்துக்கொள்வது என் தம்பி. பிறகு கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஊர் மூச்செல்லாம் உன் மேலதான் விழுது. முதல்ல படுக்கப் போறது நீ. உன்னை யாரு பாத்துப்பாங்க?"

"எங்க வீட்லயா? நான்தான்."

"படுக்கறதும் நீ, பாக்கறதும் நீயா? நல்ல கணக்கும்மா."

அவளும் சிரித்துக்கொண்டே அந்தப் பின்பக்க ரூமைப் பார்க்க மாடி ஏறினாள். சிரிப்பு மாடிப்படி முடிவதற்குள் செத்துப்போனது. மாமியார் கூடாது. கணவர் கூடவே கூடாது. மிச்சம் ஒரு ஆள். ஊரார் கை எல்லாம் பட்ட படிக்கட்டுக் கம்பியை உள்ளங்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவே அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து மகள் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? யாராவது இருமிட்டாங்களா?"

"ஒருவேளை... நானே படுத்துட்டா?"

"நான்தான் உள்ள வருவேன். வேற யாரு, அப்பாவா? அவரு மாடி ஏறவே நாலு தடவை உக்காருவாரு." புத்தகத்தை மூடாமலே சொன்னாள் மகள். "நீ ரூம் சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும்மா. நீதான் யோசிக்கல."

உள்ளே தையல் இயந்திரம் நின்றது. வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வேண்டாம் என்றால் வேறு யார்? ஊரெல்லாம் கேட்ட கேள்வி இப்போது அவள் வீட்டு நடுவிலேயே உட்கார்ந்துகொண்டிருந்தது.

எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து வந்தாள். மகளின் கூந்தலை ஒதுக்கி, நாடாக்களைக் காதில் மாட்டினாள். மூக்குத்தண்டின் மேலிருந்த கம்பியை இரண்டு விரலால் அழுத்தி வளைத்தாள்.

"ஊது."

மகள் ஊதினாள். அம்மா ஓரங்களில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காற்று எங்கும் கசியவில்லை.

"சரியாத்தானே இருக்கு? கழட்டவா?"

"இரு" என்று சொல்லிவிட்டு, அந்தக் கம்பியை மறுபடியும் அழுத்தினாள்.