சம்மாட்டியாருக்கு நான் வைத்திருந்த அபராதம்

போன ஞாயிறு பூசையில் ஒரு இளைஞன் எழுந்து சாட்சி சொன்னான். தேவ அழைத்தலுக்காகச் செபிக்கிற ஞாயிறு. அன்று யாரையாவது இப்படி எழுப்பிவிடுவார்கள். செபத்தில் இருக்கும்போது நெஞ்சு சூடாகியதாம். ஆண்டவர் தன்னைக் குருவாக அழைக்கிறார் என்று அதிலிருந்து கண்டுகொண்டானாம். சுற்றியிருந்தவர்கள் உருகிப்போனார்கள். எனக்கோ மூக்கில் அமோனியா மணம் அடித்தது. நெஞ்சு சூடாகிற கதையை யார் சொன்னாலும் எனக்கு அந்த மணம் வீசிய எங்கள் குருநகர் ஐஸ் தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். காரணம் இருக்கிறது.

அறுபதுகளின் கடைசியில், படிப்பு முடிந்த கையோடு அங்கே சேர்ந்தேன். ஐஸ் பாளங்களைக் கொக்கியால் இழுத்து உமிக்குள் புதைக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் தலைமுடிக்குள்ளும் உமி, சோற்றுக்குள்ளும் உமி. அப்பா யோக்கீன், சவிரிமுத்துச் சம்மாட்டியாரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போய்வந்தார். வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருந்து ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிறவரைத்தான் எங்கள் பக்கத்தில் சம்மாட்டி என்போம். இவர் தடித்த கழுத்துக்காரர். சுருட்டு மணம் முதலில் வரும், ஆள் பிறகு வருவார்.

ஒருநாள் வள்ளத்து மோட்டரைக் காணவில்லை. சம்மாட்டியார் விசாரிக்கவில்லை. களவெடுத்தது இவன்தான் என்று அப்பாவைப் பிடித்துக் கரையில் நின்ற தென்னையோடு சேர்த்துக் கட்டுவித்தார். நான் உமியும் ஈரமுமாக ஓடிவந்தபோது, பூசை முடிந்து முக்காட்டோடு திரும்பிய பெண்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. மோட்டரை விற்றது சம்மாட்டியாரின் மைத்துனன் என்று பிறகு ஊருக்கே தெரிந்தது. கட்டியவர் மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்பவும் தொழிலுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார், அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் அப்பாவும் போனார். ஆனால் அன்று தொடக்கம் கோயிலுக்குள் நடுவுக்கு வரமாட்டார். பின்வாசலில் நின்றே பூசை காண்பார்.

பழி வாங்கவேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எப்படி என்பதுதான் பிரச்சினை. கத்தி எடுக்கிற ஆள் நானில்லை. பாரைமீன் வெட்டுவதைப் பார்த்தாலே எனக்குத் தலைசுற்றும். தவக்காலத்தில் ஒரு பின்னேரம் சம்மாட்டியார் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழங்காலில் நிற்பதைக் கண்டேன். பெரிய உடம்பைச் சுருட்டி, வலைத்தட்டிக்குள் வாயை வைத்துப் பாவங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருக்கிற சுவாமியார் என்ன அபராதம் சொன்னாலும் அவர் செய்தே ஆகவேண்டும். எனக்குத் தேவ அழைத்தல் வந்தது அந்த இடத்தில்தான்.

குருமடத்துக்குப் போக விரும்புகிறவர்களுக்கு மௌனத் தியானம் ஒன்று வைத்தார்கள். போனேன். சம்மாட்டியாரின் மகன் பீற்றரும் வந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வகுப்பு. அப்பாவைக் கட்டிய நாளிலிருந்து நான் அவனோடு கதைப்பதில்லை. தேவநற்கருணைக்கு முன்னால் இருந்து, தன்னை என்ன செய்யச் சொல்கிறீர் என்று ஆண்டவரைக் கேட்கவேண்டும். நெஞ்சு சூடாகி நிறைவு வந்தால் அது ஒரு அடையாளம் என்றார் தியானம் கொடுத்த சுவாமியார். தடிமல் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த இளம் சுவாமியார்.

கண்ணை மூடினேன். தொட்டிக்குள் நான் இருக்கிறேன். வெளியே சம்மாட்டியார் முழங்காலில். பாவத்துக்கு அபராதமாக நான் அவருக்குச் செபமாலையா சொல்லுவேன்? பெரிய பூசை முடிந்து சனம் போகிற நேரத்தில் அதே தென்னையில் போய்ச் சாய்ந்து நில்லும் என்கிறேன். மற்றப் பெடியள் காதல் கடிதம் யோசிக்கிற வயதில் நான் இப்படி விதம்விதமாக அபராதங்கள் யோசித்தேன். நெஞ்சு நன்றாகவே சூடாகியது. பரிசுத்த ஆவிதான் என்று முழுமனதோடு நம்பினேன். பீற்றர் பின்வரிசை வாங்குப்பலகையில் அழுதுகொண்டே இருந்தான். வீட்டு நினைப்பாக்கும் என்று அதையும் சந்தோசமாகப் பார்த்தேன்.

கடைசியில் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். நான் ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். சுவாமியார் லேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒன்றைத்தான் கேட்டார்.

"அந்த மனுசன் உம்மடை முன்னாலை அழுது மன்னிப்புக் கேட்டா, குடுப்பீரோ?"

"இல்லை, சுவாமி."

"அப்ப ஐஸ் வேலையை விட்டிடாதையும்."

பீற்றரைக் குருமடத்தில் எடுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இந்த ஆண்டவருக்குக் கூப்பிட வேறு வீடே கிடைக்கவில்லையா? கனகாலம் என் செபம் இந்தக் கேள்வியோடேயே நின்றது.

எழுபதுகளின் நடுவில் அவன் குருப்பட்டம் பெற்று, முதற்பூசைக்கு ஊருக்கு வந்தான். சம்மாட்டியார் பந்தல் போட்டு, பாண்ட் வாத்தியம் பிடித்து, பட்டுச் சால்வையோடு முன்வரிசைக் கதிரையில் இருந்தார். புதுக்குருவின் கைகளை முத்தமிட ஊரே வரிசையில் வரும். முதலாவது பெற்ற தகப்பன். நான் வரிசைக்குப் போவதில்லை என்ற முடிவோடு தூணோடு நின்றேன். அப்பா வழமைபோலப் பின்வாசலில்.

பூசை முடிந்ததும் பீற்றர் பீடத்திலிருந்து இறங்கினான். சம்மாட்டியார் எழுந்து கையை நீட்டினார். அவன் அவரைக் கடந்து நடுவழியாலே நேரே பின்வாசலுக்குப் போனான். பூசை உடுப்போடு அப்பாவின் காலடியில் முழங்காலில் நின்றான். அவன் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"யோக்கீன் மாமா, அண்டைக்கு உங்களைக் கட்டக் கயிறு எடுத்துக் குடுத்தது நான்தான். எங்கடை ஐயா கேட்டார், பயத்திலை குடுத்திட்டன். முதல் ஆசீர்வாதத்தை நீங்கள் எனக்குத் தாங்கோ."

அப்பா குனிந்தார். அவன் தலையில் கையை வைத்து, நெற்றியில் சிலுவை போட்டார்.

"எழும்பு தம்பி, உடுப்பு ஊத்தையாகுது" என்றார்.

நான் அவர்களைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். பிறகு சம்மாட்டியாரையே பார்த்தேன். நீட்டிய கை கீழே இறங்கத் தெரியாமல் நின்றது. முகம் சாம்பல் பூத்து, கண் நிலத்தில். எத்தனையோ வருடமாகச் செபத்தில் பார்த்த முகம் அன்று நேரில் கிடைத்தது. இரக்கம் வந்தது என்று சொன்னால் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைப்பீர்கள். வரவில்லை. பனங்கட்டியை வாயில் போட்டதுபோல இனித்தது. ஒரேயொரு குறை: அதைச் செய்தவன் நானில்லை. பழியைக்கூட அந்த வீட்டுக்காரனே எடுத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு அப்பா முன்வாசலால் போய் நடு வாங்கில் இருந்தார். சம்மாட்டியார் அதற்குப் பிறகு காலைப் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். எண்பதுகள் தொடங்கியபோது செத்தார். பெட்டி தூக்க அப்பா போனார். நான் போகவில்லை.

பிறகு வந்த யுத்தம் எல்லாவற்றையும் கொண்டுபோனது. அப்பாவும் இல்லை, பீற்றரும் இல்லை. ஐஸ் தொழிற்சாலை, கரைத் தென்னைகள், பழைய தொட்டி, ஒன்றும் இல்லை. யுத்தத்தோடு ஊரைவிட்டு வந்த நான், கடைசியாக அங்கே போனபோது சம்மாட்டியாரின் வீடு இருந்த இடத்தைத் தேடினேன். வாசற்படி மட்டும் கிடந்தது. அதில் குந்தியிருந்து ஒரு இளைஞன் கிழிந்த நைலோன் வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். சவிரிமுத்துச் சம்மாட்டியாரின் வளவு இதுதானே என்று கேட்டேன்.

"அப்பிடி ஒருத்தரையும் எங்களுக்குத் தெரியாது, ஐயா" என்றான்.

அந்தக் கரையில் அவருடைய பேரை இன்னும் ஞாபகம் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.