ஆட்டக்காரிக்குத் தடை

லண்டன் ஹவுன்ஸ்லோவில் அண்ணன் இராஜேந்திரன் வீட்டில் ஓர் அறையில் இருந்த சிவமலர், விமான நிலையக் கன்ரீனில் கோப்பை கழுவி மகளை வளர்த்தாள். கனடா போய்க் கூப்பிடுகிறேன் என்ற கணவனிடமிருந்து வருடக்கணக்காகச் சத்தமில்லை.

1989இல் ஒரு ஞாயிறு மத்தியானம் தொலைக்காட்சியில் பழைய பிரெஞ்சுப் படம் ஒன்று. காபரே ஆடிப் பிள்ளையை வளர்க்கும் ஒருத்தி, விட்டுப்போனவனுக்காகக் காத்திருக்கிறாள். கடைசியில் வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. இறங்குவது யார் என்று சிவமலர் பார்க்குமுன் இராஜேந்திரன் படத்தை நிறுத்திவிட்டார்.

"குடும்பப் பொம்பிளை பாக்கிற படமே இது?"

போன கிழமை இதே மனிதர்தான், குடும்பத்தோடு மிக்சர் கொறித்தபடி, தமிழ்ப் பட வீடியோவில் ஒரு கிளப் டான்ஸை ரீவைண்ட் செய்து ரசித்தார். அதில் ஆடியவள் உடுத்தியிருந்ததைப் பற்றி எழுதலாம் என்றால், எழுத அதிகம் இல்லை. அது மட்டும் கலையாம்! என்ன நியாயம் ஐயா இது?

"அண்ணை, நான் ஆட்டம் பாக்கேல்லை. அவன் வாறானோ எண்டுதான் பாத்தனான்."

அண்ணன் ரிமோட்டைத் தரவில்லை.

சிவமலர் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தன் அறைக்கு ஒரு பழைய தொலைக்காட்சி வாங்கினாள். அந்தப் படம் மறுபடி வந்த அன்று, கதவைப் பூட்டிக்கொண்டு முடிவுவரை பார்த்தாள்.

வெளியே இராஜேந்திரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"தங்கச்சி, அவன் வந்தவனோ?"

"குடும்ப ஆம்பிளை கேக்கிற கேள்வியே அண்ணை இது?"