காரணம் எழுதாத அறிவிப்பு

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி தலைநகரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வருவதும், பத்திரிகை அலுவலகத்தின் முகப்பு மேசையில் உட்கார்ந்து மரண அறிவிப்பு எழுதுவதுமாக மலர்விழிக்கு இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. வயது ஐம்பத்தாறு. ஓய்வுக்கு இன்னும் நாலே வருடம்.

நம் ஆட்கள் பேப்பரைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்புவது அவள் பக்கத்தைத்தான். யார் போனார், செமினி ஊரில் இருக்கும் மருமகன் பெயர் இருக்கிறதா, சண்டை போட்டுக்கொண்டு போன தம்பியைச் சேர்த்தார்களா என்று காப்பி ஆறும்வரை ஆராய்ச்சி நடக்கும். கிழவர் போனால் காரணம் தேவையில்லை. நாற்பது வயதுக்காரர் போனால் 'சாலை விபத்தில்', 'நோய்வாய்ப்பட்டு' என்று ஏதாவது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கயிறோ விஷமோ என்று வாசகர்களே முடிவு கட்டிவிடுவார்கள். இது மலர்விழிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துமா ஒருவருக்குக் காரணம் போடாமல் விட்டாள் என்று கேட்டால், ஆமாம், தெரிந்துதான் செய்தாள்.

சென்ற ஆண்டு பத்திரிகையையும் அதன் வானொலியையும் இணையப் பக்கத்தையும் டான்ஸ்ரீ பட்டம் பெற்ற ஒரு முதலாளி மொத்தமாக வாங்கினார். வீடமைப்பு, கையுறைத் தொழிற்சாலை என்று ஏற்கெனவே கோடிக்கணக்கில் வைத்திருந்தவர். வந்த அன்று எல்லாருக்கும் பிரியாணி போட்டார். இதை எழுதாதே என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு முன்பே எல்லாரும் அடங்கிவிட்டார்களே, அப்புறம் அவர் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?

அவர் வாங்கிய மூன்றாம் மாதம், கிள்ளான் பக்கத்து மேருவில் அவருடைய தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து பழனியப்பன் என்ற நாற்பது வயதுத் தொழிலாளி செத்தார். நிருபர் ஜெயந்திரன் நேரில் போய் எழுதிவந்த முழுச்செய்தி, தொழிற்சாலையின் பெயரும் செத்தவர் பெயரும் இல்லாமல் நான்கு வரியாகச் சுருங்கி, 'மேருவில் விபத்து' என்று உள்ளே எங்கோ வந்தது. அன்றைக்கே ஜெயந்திரனை விளையாட்டுப் பக்கத்துக்கு மாற்றினார்கள். அதைப் பார்த்த பயத்தில், பழனியப்பனின் மரண அறிவிப்பிலிருந்து தொழிற்சாலையையும் வெடிப்பையும் மலர்விழி தானாகவே எடுத்துவிட்டு, 'இறைவனடி சேர்ந்தார்' என்று போட்டாள்.

ஒரு வருடம் கழித்து அவருடைய மனைவி வீரம்மா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போட வேண்டுமாம். கையில் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்.

"அக்கா, இந்த வாட்டி அவரு எப்படிப் போனாருன்னு போட்டுருங்க. போன வாட்டி நீங்க மறந்துட்டீங்க போல."

மலர்விழி தாளை வாங்கிக்கொண்டாள். மறக்கவில்லை, தானே எடுத்தது என்று சொல்லாமல் அதைப் பிரித்துப் படித்தாள்.

"மக ஸ்கூல்ல பிள்ளைங்க பேசுறாங்கக்கா. பேப்பர்ல காரணமே போடல, உங்கப்பா தூக்கு மாட்டிக்கிட்டாருன்னு. பதிமூணு வயசு. நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டேங்குது. பேப்பர்ல வரட்டும், அப்ப நம்புறேன்னு சொல்லுது."

"உங்களுக்கு ஏதும் பிரச்சனை வந்துட்டா?"

"என் தம்பி இன்னும் அங்கதான் வேலை செய்றான். பயந்தான் இருக்கு. அதுக்குன்னு அந்தப் புள்ளைய அப்படியே வுட்டுற முடியுமாக்கா?"

வீரம்மா போனபின் மலர்விழி சாப்பாட்டுக்கு எழவில்லை. அந்தப் பிள்ளையின் ஒரு வருடத்தைக் கெடுத்தது டான்ஸ்ரீ அல்ல, தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. தாளில் இருந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தாள். தொழிற்சாலையின் பெயர், தேதி, 'பாய்லர் வெடித்து உயிரிழந்த', எல்லாம்.

பக்கத்தைச் சரிபார்க்க வேண்டியவர் விளம்பர மேலாளர் ஐங்கரன். நல்ல மனிதர்தான். எப்போதோ ஒருமுறை மரண அறிவிப்புப் படமும் கல்யாண வாழ்த்துப் படமும் இடம் மாறி, உயிரோடிருந்த சம்பந்தி செத்தவராக அச்சாகிவிட்டார். இரண்டு குடும்பமும் திரண்டு வந்து ஐங்கரனை ஒரு வழி பண்ணிவிட்டது. அன்றிலிருந்து அவர் படங்களை மட்டும்தான் பார்ப்பார், எழுத்தைப் படிப்பதில்லை. அன்றும் படங்களைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் இணையத்திலிருந்து அந்தப் பக்கம் காணாமல் போனது. ஆனால் அச்சான பேப்பரை ஏற்றிய லோரிகள் விடியும் முன்பே கிள்ளானுக்கும் மேருவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. வீட்டுக்கு வீடு போய்ப் பிடுங்கவா முடியும்?

பத்து மணிக்கு ஐங்கரன் அவளைக் கூப்பிட்டார். அறைக்கதவைச் சாத்தினார்.

"மலர், மேலேருந்து கேக்குறாங்க. விளம்பரம் கொடுத்த பார்ட்டியே எழுதிக் கொடுத்ததுன்னு சொல்லிடுலா. அந்தம்மாவுக்கு வக்கீல் லெட்டர் போகும், நம்ம மேல வராது. அந்தத் தாள் இருக்குல்ல?"

தாள் அவளுடைய கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் நாலு வருடமும் பத்திரம். வீரம்மாவின் கையெழுத்து, அவள் தம்பியின் வேலை, எல்லாம் அந்தத் தாளோடு மேலே போய்விடும்.

அப்போது அவளுடைய கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. வீரம்மா அனுப்பியிருந்தாள். 'அக்கா, புள்ள பேப்பர எடுத்துட்டு ஸ்கூலுக்குப் போயிருச்சு.'

மலர்விழி கைப்பையை மடியில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தாள்லாம் இல்ல, சார். நான்தான் எழுதினேன்னு சொல்லிடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா? யாரக் கேட்டு எழுதினே?"

"போன வருஷம் அந்தத் தொழிற்சாலை பேர எடுத்ததும் நான்தான், சார். அப்ப யாரக் கேட்டு எடுத்தேன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே."