சர்வருக்கு வைத்த பொட்டு

தியாகராய நகரில் மூன்று மாடிப் பாத்திரக்கடை கட்டியவன் நான். மயிலாப்பூர் மாட வீதியில் இடம் கிடைக்கவே கிடைக்காது என்று தரகர்கள் எல்லாரும் கைவிரித்தபோது, அங்கே ஒரு கிளை திறந்தவன் நான். அடையாறு பாலத்தைத் தாண்டினால் எவர்சில்வர் விற்காது, அங்கே இருப்பவர்கள் பீங்கானில் சாப்பிடுகிறவர்கள் என்றார்கள். அங்கேயும் கடை வைத்தேன், விற்கிறது. கல்யாணச் சீர் வாங்க வருகிற பெரியவர்களுக்காக லிஃப்ட் போட்ட முதல் பாத்திரக்கடை எங்களுடையதுதான். இல்லை என்பவர் நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம். படிப்பு ஆறாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மூன்று கடைக்கும் கம்ப்யூட்டர் பில் கொண்டுவந்ததும் நான்தான். எனக்கு அதை ஓட்டத் தெரியாது. ஆனால் வாங்கு என்று சொன்ன வாய் என் வாய்.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு விஜயதசமியன்று என்னை என் கடையிலேயே வெளியாள் ஆக்கப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மூன்று கடையின் பில்லும் தி.நகர் கடையின் இரண்டாம் மாடியில், சின்ன ஏ.சி. அறையில் இருக்கும் ஒரு பெட்டியைக் கேட்டுத்தான் ஓடும். சர்வர் என்பார்கள். எந்தக் குடம் என்ன விலை, எந்தக் கடையில் எத்தனை இருப்பு, எல்லாம் அதற்குத்தான் தெரியும். அதைப் பார்த்துக்கொள்வது என் மருமகள். சாஃப்ட்வேர் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தவள். கெட்டிக்காரி. பெண் பார்த்தது நான்.

ஆயுத பூஜையன்று காலை, அந்தப் பெட்டியில் ஓடும் சிஸ்டத்தின் கெர்னலை மாற்றிப் புதுசு போட்டாள். கெர்னல் என்றால் என்ன என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்பையும் வேலை வாங்குகிற மையம் அது. பழையதில் வெளியாட்கள் நுழைய வழி இருக்கிறது, அதனால் மாற்றுகிறேன் என்றாள். புதுசு வேலைக்கு வர வேண்டுமானால் பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும். அணைத்தாள். அதற்குள் பூஜைக்கு நேரமாகிவிட்டது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பூஜையில் பொட்டு வைத்த சாமானை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. தராசு, பாத்திரத்தில் பெயர் வெட்டும் மெஷின், டெலிவரி வண்டி, எல்லாவற்றுக்கும் அன்று ஓய்வு. ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுகிறேன் என்று மருமகள் கேட்டாள். கூடாது என்றேன். சந்தனமும் குங்குமமும் நானே வைத்தேன். பெட்டிக்கு முன்பக்கம் வெறும் தகரம். வயரெல்லாம் வந்து சேர்வது பின்பக்கம். வேலை நடப்பது அங்கேதான். எனவே பின்பக்கம், நெட்வொர்க் வயர் செருகும் துளைக்கு நேர் மேலே அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன்.

விஜயதசமி காலை பெட்டியைப் போட்டார்கள். பெட்டி எழுந்தது. ஆனால் ஒரு கவுண்டரிலிருந்தும் அதைப் பிடிக்க முடியவில்லை. மயிலாப்பூரிலிருந்து போன், அடையாறிலிருந்து போன். கீழே நல்ல நாள் என்று சீர் சாமான் எடுக்க வந்த கூட்டம் படிக்கட்டு வரை நிற்கிறது. என் மகன் மாடி ஏறி வந்தான். மொபைல் வெளிச்சத்தில் பெட்டியின் முதுகைப் பார்த்தான். நிமிர்ந்தான்.

"அப்பா, குங்குமம் உள்ள போயிருக்கு. போர்டு போச்சு."

ரிப்பேர்காரருக்கு அன்று விடுமுறை. மறுநாள்தான் வருவாராம். எல்லாக் கடையிலும் கையால் பில் எழுதச் சொல்லிவிட்டு, மகன் என்னிடம் வந்து மெதுவாகப் பேசினான். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. பூஜையைக் கீழே கல்லாவோடு நிறுத்திக்கொள்ளலாம், இந்த அறைக்கு இனி நான் வர வேண்டாம், வயதான காலத்தில் எதற்கு இந்த அலைச்சல் என்றான். ஒவ்வொரு செங்கல்லும் நான் சொல்லி வைத்த கட்டடம். அதில் ஒரு கதவு எனக்கு மூடுகிறது. இன்றைக்கு இந்த அறை, நாளைக்குக் கொள்முதல், அதற்கடுத்து வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். பார்த்திருக்கிறேன், மற்ற கடைகளில்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கல்லாக்காரர் பில் புத்தகம் கேட்டு மேலே வந்தார். நொச்சிக்குப்பத்துக்காரர். கடை திறந்த நாளிலிருந்து என்னோடு இருப்பவர். என்னைச் சீண்ட உரிமையுள்ள ஒரே ஆள்.

"இன்னா நைனா, நீ வெச்ச பொட்டு மிஷினுக்கு ஒத்துக்கலியா?"

"நீ போய்க் கையால பில்லு எழுது. எழுத்து மறந்துடலியே?"

"நான் எழுதிடுவேன். வாங்கினு போறவன் படிக்கணுமே, அதான் கஷ்டம்."

அவர் போனார். நான் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் பெட்டியின் முதுகுப் பக்கம் போட்டு உட்கார்ந்தேன். மருமகள் வயரை மாற்றினாள், சுவரில் இருக்கும் டப்பாவில் வேறு துளையில் செருகினாள், பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டாள். அவள் கண் திரையில். என் கண் துளையில். அங்கே மிளகு அளவு பச்சை விளக்கு ஒன்று உண்டு. பெட்டியைப் போட்டதும் அது எரிந்தது. திரையில் எழுத்தெல்லாம் ஓடி, உள்ளே நுழையப் பெயர் கேட்கும் இடம் வருவதற்குச் சற்று முன்னால் அணைந்தது. அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும்.

நான் பாத்திரத்தோடு மிக்ஸியும் விற்றவன். தண்ணீர் போன மிக்ஸி, மாவு போன மிக்ஸி எத்தனையோ என் மேஜைக்குத் திரும்பி வந்திருக்கின்றன. உள்ளே ஏதாவது போயிருந்தால் ஒன்று முதல் நொடியே செத்துக் கிடக்கும், இல்லையென்றால் ஒரு சமயம் ஓடும், ஒரு சமயம் ஓடாது. இப்படி ஒழுங்காக, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிற்காது. ஒழுங்காக நிற்கிறது என்றால் யாரோ நிறுத்துகிறார்கள்.

"அம்மா, இது குங்குமம் இல்ல. இந்த விளக்கப் பாரு. நீ போட்டதும் எரியுது. பேர் கேக்கறதுக்கு முன்னாடி அணையுது. தடவைக்குத் தடவை அதே இடம்."

மகன் சிரித்தான். விளக்கு எத்தனையோ காரணத்துக்கு அணையும் என்றான். ஒன்று சொல் என்றேன். மருமகள் சிரிக்கவில்லை. பெட்டியை மறுபடி போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, இரண்டு பேருமாக அந்த விளக்கையே பார்த்தோம். எரிந்தது. அணைந்தது.

"மாமா, வயர் செருகற இந்த நெட்வொர்க் கார்டு நல்லாத்தான் இருக்கு. சிஸ்டம் எழுந்ததும் அதுதான் இதைக் கைவிடுது. நேத்து நான் போட்டேனே, அந்தக் கெர்னல்."

பழைய கெர்னலை அது அழிக்காமல் வைத்திருக்குமாம். பெட்டி எழும்போதே கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால், எது வேண்டும் என்று கேட்கும். தட்டினாள். பழையதைத் தேர்ந்தெடுத்தாள். எழுத்து ஓடியது, பெயர் கேட்கும் இடம் வந்தது, தாண்டியது. பச்சை விளக்கு அணையவில்லை. துடிக்க ஆரம்பித்தது. கல்லாவிலிருந்து போன் வந்தது. "வந்துடுச்சு நைனா. மிஷினே பில்லு போட்டுக்கினு கீது."

காரணத்தை மருமகள் எனக்குப் பிறகு விளக்கினாள். அந்த நெட்வொர்க் கார்டை ஓட்ட டிரைவர் என்று ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். பெட்டியை முதலில் அமைத்தவர்கள் பழைய கெர்னலுக்குப் பொருந்துகிற மாதிரி அதைத் தனியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். புதுக் கெர்னலுக்கு அது இல்லை. கெர்னல் தன்னிடம் இருந்த பொது டிரைவர் ஒன்றை எடுத்து மாட்டியது, கார்டு அதற்கு மசியவில்லை. மறுநாள் காலை கடை திறக்குமுன் புதுக் கெர்னலில் பெட்டியை எழுப்பி, தன் போனை வயரில் அதோடு இணைத்து, இன்டர்நெட்டிலிருந்து வேண்டியதை இறக்கி, டிரைவரைப் புதுசுக்கு ஏற்றபடி செய்து போட்டாள். இனி கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவர் தானாகவே மறுபடி தயாராகிவிடும் என்றாள். பூஜையன்றே போட்டுப் பார்க்க விட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும் என்றும் சொன்னாள். வழக்கம் வழக்கம்தான் என்றேன்.

மகன் பெட்டியின் முதுகை ஒரு துணியால் துடைத்தான். "பொட்டு வைங்கப்பா. துளைக்கு மேல மட்டும் வேணாம்," என்றான். நியாயமான பேச்சு. அந்த அறைக்கு நான் இன்றும் போகிறேன், வருகிறேன்.

இப்போது பிரச்சினை வேறு. இதே தொல்லை வந்தவர்கள் படிக்கட்டும் என்று மருமகள் இன்டர்நெட்டில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். கெர்னல் மாறியது, பழையதில் எழுப்பியது, டிரைவர் செய்தது, எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. நடுவில் ஒரே ஒரு வரி: கார்டில் பழுதில்லை என்று உறுதி செய்யப்பட்டது. செய்யப்பட்டதாம். தானாகச் செய்துகொண்டதா? ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தவன் நான். இவ்வளவு வேலை செய்தவள், அந்த வரியையும் திருத்த வேண்டும். என் பேர்கூட வேண்டாம். என் மாமனார் பார்த்துச் சொன்னார் என்று போட்டால் போதும். ஆனால் நடுவில் ஒளித்து வைக்கக் கூடாது. மேலே, முதல் பத்தியில் போட வேண்டும்.