அவன் சொல்லாமல் விட்ட மைனஸ்

பிள்ளைகளே, நான் பள்ளியில் படித்தபோது, கும்பப்பூ நெல் அறுப்புக்கு வயலில் நின்றதால் எனக்குக் கணக்கு வகுப்பு தவறியது. வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் கூட்டாளிதான் சொல்லித்தந்தான்.

“இணைகோடுன்னா அதே சாய்வு மக்கா. செங்குத்துன்னா சாய்வைத் தலைகீழாப் போடு. அவ்வளவுதான்.”

எங்கள் இருவரில் கணக்கில் முந்துகிறவனுக்கே படிப்புச் சம்பளம் கட்டாமல் மேலே படிக்க இடம். பரீட்சையில், சாய்வு இரண்டு உள்ள கோட்டுக்குச் செங்குத்தின் சாய்வு அரை என்று எழுதினேன். மைனஸ் அரை என்பதே சரி. அந்த ஒரு கணக்கில் இடம் அவனுக்குப் போயிற்று.

“மைனஸ் போடணும்னு ஏம்லே சொல்லல்ல?”

“நீ கேட்டியா?” என்று சிரித்தான்.

அவன் தாளை வாங்கிப் பார்த்தேன். அதே கணக்கில் மைனஸ் தெளிவாக இருந்தது.

என் படிப்பு அத்தோடு நின்றது. நீங்கள் யாருக்காவது கணக்குச் சொல்லிக்கொடுத்தால் முழுதாகச் சொல்லிக்கொடுங்கள்.