எந்தக் கால்?

எனக்குக் கோபம் வந்தால் தமிழ் மறந்துபோகும், பெங்காலிதான் வரும். பெங்காலிக்காரர்கள் நடுவே, டாக்குரியாவில் பிறந்து வளர்ந்தவள் அல்லவா! அப்படிப்பட்ட என்னைக் காட்டி ஒரு வக்கீல், "இவங்களுக்குப் பெங்காலி சரியா வராது" என்றார். அதுவும் வக்கீல்கள் மீதான புகாரை விசாரிக்கிற கமிட்டி முன்னால்!

அவர்தான் எங்கள் வக்கீலாக இருந்தவர். நானும் அக்காவும் இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் அலிப்பூர் கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தார். அப்பா காலத்திலிருந்து குடியிருக்கும் வீடு. வக்கீலோ போன் செய்தால் எடுக்க மாட்டார். நேரில் போனால், "தாதா இப்பத்தான் கிளம்பினார்" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்வார்கள் குமாஸ்தாக்கள். அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டுக் கேட்டு என் வாய் வலித்த பிறகு, ஒருநாள் வாட்ஸப்பில் ஒரே ஒரு சொல் வந்தது: "கால்."

பெங்காலியில் நாளைக்கும் 'கால்'தான், நேற்றைக்கும் 'கால்'தான். கூட இன்னொரு சொல் இருந்தால்தான் எது என்று தெரியும். வாய்தா எப்போது என்று கேட்டவளுக்கு 'கால்' என்று பதில் வந்தால் நாளை என்றுதானே நினைப்பாள்? மறுநாள் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு இருவரும் அலிப்பூர் போய் நின்றோம். கேஸ் முந்தாநாளே முடிந்திருந்தது. எங்கள் பக்கம் யாருமே வரவில்லை என்று வீட்டுக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பாகிவிட்டது. அந்த ஒற்றைக் கால் எங்கள் காலை வாரிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அக்கா கிரைண்டரைச் சாக்கில் போட்டுக் கட்டினாள்.

புதிதாக ஒரு பெண் வக்கீலைப் பிடித்தோம். "தப்பு அவரோடதுன்னு கமிட்டி எழுதிக் குடுத்தா, அதைக் காட்டித் தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லலாம் திதி" என்றாள், என்னை அக்கா முறை வைத்து. அதனால் அந்தக் கமிட்டி அறையில் எங்கள் வீடே தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கேதான் பழைய வக்கீல் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "நான் தகவல் சொன்னேனே. 'கால்'னா நேத்துன்னுதான் அர்த்தம். இவங்க மதராசி, இவங்களுக்குப் பெங்காலி சரியா வராது."

எனக்கு வந்ததே கோபம்! எழுந்து நின்று கடகடவென்று பெங்காலியில் பொரிந்து தள்ளினேன். "நாளைன்னு அர்த்தம்னா, தப்புத் தேதி குடுத்திருக்கார். நேத்துன்னு அர்த்தம்னா, எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கார். ரெண்டுல எதுன்னு அவரே சொல்லட்டும்!"

கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வக்கீல் பக்கம் திரும்பி, "பொலுன், கோன் கால்?" என்றார். சொல்லுங்கள், எந்தக் கால்?

வக்கீல் கையிலிருந்த ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். அடடா, அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் உட்காரவே இல்லை. அக்கா என் முந்தானையைப் பிடித்து, "போதும்டி, உக்காரு" என்றாள்.

தப்பு அவருடையதுதான் என்று கமிட்டி எழுதியது. சில மாதங்கள் அவர் எந்தக் கோர்ட்டிலும் ஆஜராகக் கூடாது என்றும் உத்தரவு போட்டது. அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு புது வக்கீல் அலிப்பூருக்கு ஓடினாள்.

நான் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. "திதி, தீர்ப்பு ரத்தாயிடுச்சு! கேஸ் மறுபடி முதல்லேருந்து நடக்கும், அதுவரைக்கும் உங்களை யாரும் அசைக்க முடியாது. கொதோ கால் ஆர்டர் ஆச்சு. 'கொதோ'ங்கறேன், கேட்டுச்சா? போன கால்!"

நான் போட்ட கூச்சலில் மாடிவீட்டு பௌதி, அதான் அந்தப் பெங்காலி அண்ணி, பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். அக்கா மட்டும் நேரே உள்ளே போனாள். சாக்குக் கயிற்றை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அரிசி களையும் சத்தம்.

"நாளைக்கு இட்லி" என்றாள்.

"எந்தக் கால்?" என்று சீண்டினேன்.

"போடி! நாளைக்குன்னா நாளைக்குத்தான். இந்த வீட்லதான்."