பின்னால் கேட்ட கைத்தட்டு

அலுவிகாரையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்ற ஜுனைதீன், கை கொடுத்தால் பிடித்த கையை லேசில் விடமாட்டார். பாசக்கார மனுஷன் என்று பஜாரே சொல்லிக்கொண்டது. பாசமாவது மண்ணாவது! இறுகிய விரல்கள் விரியச் சொன்னால் விரியா, அவ்வளவுதான். கண்டி டொக்டர்தான் காரணம் கண்டுபிடித்தார்: பரம்பரையாய் வரும் தசை வருத்தம், மாறாத நோய். ஜுனைதீன் எழும்பும்போது டொக்டர் இன்னொன்றும் சொன்னார்.

"இது சிலருக்கு மூளையையும் தொடும். கவனம் சிதறும், பகல்லயே தூக்கம் தள்ளும். வீட்டில ஒரு ஆள் பார்த்துக்கொள்ளணும்."

கடை மகன் றம்ஸியின் கைக்குப் போனது. ஜுனைதீனின் இமைகள் தொங்கின, முகம் அசைவில்லாமல் போனது. வந்தவர்கள் அவரை விட்டுவிட்டு மனைவி ஸரீனாவிடமே பேசினார்கள். அது அவருக்குச் சுட்டது. புத்தி கெடவில்லை என்று தனக்கே காட்டிக்கொள்ள அவருக்கு மிஞ்சியது ஒன்றுதான்: வீட்டில் முன்னின்று தொழுவிப்பது.

ஸரீனா பின்னால் நிற்பாள். தொழுகைக்குள் பேச முடியாது. முன்னிற்பவர் பிழைவிட்டால் பெண்கள் புறங்கையில் தட்டி உணர்த்துவார்கள். தொழுகையின் சுற்றான ரக்அத் எண்ணிக்கை தவறும்போதெல்லாம் அவள் தட்டினாள், அவர் திருத்திக்கொண்டார். அந்தச் சத்தம் இருக்கும்வரை பயமில்லை என்று நம்பினார்.

ஒருநாள், நாலு ரக்அத் கொண்ட பின்னேர அஸர் தொழுகையில், மூன்றாம் ரக்அத்தில் தட்டுக் கேட்டது. எங்கே பிழை என்று பிடிபடவில்லை. அப்படியே தொழுது முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பினார்.

"என்னத்துக்கு நீ தட்டின?"

"நான் தட்டவே இல்லயே."

வீட்டில் வேறு யாருமில்லை.

மறுநாளும் அஸர். நாலாவது ரக்அத் என்று எண்ணி எழும்பி நின்றதும் முதுகுக்குப் பின்னால் தட்டு. இந்த முறை ஏமாறமாட்டேன் என்று அவர் உட்காரவில்லை. மறுபடியும் தட்டு, முன்னைவிடப் பலமாக, திரும்பத் திரும்ப. அந்தத் தட்டு ஸரீனாவுடையதா, நேற்றுக் கேட்ட அந்த மற்றதா? திரும்பிப் பார்க்கவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு தொழுது முடித்தார்.

திரும்பியபோது ஸரீனா உட்கார்ந்தபடியே இருந்தாள். புறங்கை சிவந்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

"அஞ்சு ரக்அத் தொழுதுட்டீங்க. நான் தட்டினது கேக்கல்லையா?"

அவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"எத்தன தரம் தட்டின?"

"மூணு தரம்."

பிடித்த விரல்கள் விரியவில்லை. அந்தத் தசை வருத்தமா, பயமா, அவருக்கே தெரியவில்லை.

"நாளைக்கு றம்ஸி முன்னுக்கு நிக்கட்டும்," என்றார். "எனக்கு நாலு கேட்டிச்சு."